ஆட்டம் பெரிதா, ஆள் பெரிதா?

பந்து ஓடியது. நடுவர் விசில் ஊதினார். கோலும் விழுந்தது. ஆனால் கை தட்டத்தான் ஆள் இல்லை.

2020-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி கோவாவில் மட்காவ் நகரில் நடந்த ஐ.எஸ்.எல். கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் இப்படித்தான் நடந்தது. கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி 3-1 என்ற கோல் கணக்கில் சென்னையின் எப்.சி. அணியைத் தோற்கடித்தது. பட்டோர்டா மைதானத்தில் நாற்காலிகள் மட்டுமே வேடிக்கை பார்த்தன. கொரோனா பயத்தால் ரசிகர்களை உள்ளே விடவில்லை. அடுத்த பதினோராம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு வந்துவிட்டது.

சென்னை தோற்றதில் தமிழ் ரசிகர்களுக்கு வருத்தம். ஐதராபாத்தில், அதிலும் குகட்பள்ளிப் பக்கம் பிழைப்புக்காக வந்து தங்கியிருப்பவர்களுக்கு இன்னொரு வருத்தமும் சேர்ந்துகொண்டது. ஐதராபாத்துக்கென்று ஓர் அணி முளைத்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. கச்சிபவுலி மைதானத்தில் போய் உட்காரப் பழகுவதற்குள் கதவை மூடிவிட்டார்கள். அந்தக் கதவு மறுபடி திறக்க இரண்டரை ஆண்டு ஆயிற்று.

இடையில் ரசிகர்கள் மனத்தில் ஓடிய கேள்வி ஒன்றுதான். எப்போது போகலாம்? அல்லது, போகத்தான் வேண்டுமா?

பழைய பெருமை, புதிய அணி

கால்பந்து ஐதராபாத்துக்குப் புதிதல்ல. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது ஐதராபாத் நகரப் போலீஸ் அணி. அதன் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம்தான் இந்திய அணிக்கும் பயிற்சி அளித்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு நான்காவது இடம். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கம். அந்த அணியில் இருந்த உயரமான கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் பிறந்ததும் ஐதராபாத்தில்தான். ராணுவப் பிரிவான மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடிப் புகழ் பெற்றவர் அவர்.

பிறகு இந்தப் பெருமை மங்கியது. நகரம் கிரிக்கெட் பக்கம் சாய்ந்தது. 2019 ஆகஸ்டு மாதம் ஐதராபாத் எப்.சி. என்ற அணி உருவானபோதுதான் பழைய நெருப்பு கொஞ்சம் கனன்றது. புனே அணி நின்றுபோய், அதன் இடத்துக்கு வந்த அணி அது. மஞ்சள் நிறச் சட்டை. சொந்த மைதானம், கச்சிபவுலியில் உள்ள ஜி.எம்.சி. பாலயோகி விளையாட்டரங்கம். 2003-ல் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த இடம்.

2019 நவம்பர் 2-ந் தேதி சனிக்கிழமை. கச்சிபவுலியில் முதல் ஐ.எஸ்.எல். ஆட்டம். கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை ஐதராபாத் 2-1 என்று வென்றது. அந்த வெற்றியைத் தவிர அந்தப் பருவத்தில் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. பட்டியலில் கடைசி இடம்தான் கிடைத்தது. ஆனாலும் குகட்பள்ளியில் இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் தூரத்தில் பெரிய ஆட்டம் நடக்கிறது என்பதே ஒரு சுகம்.

பாலாநகர், ஜீடிமெட்லா, சனத்நகர் தொழிற்பேட்டைகளில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கும், கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் இந்தச் சுகத்தின் அருமை தெரியும். மொழி அரைகுறை. உறவுக்காரர்கள் ஊரில். வேலை, மெஸ் சாப்பாடு, அறை என்று நாள் ஓடும். கேலரியில் உட்கார்ந்து கோலுக்குக் கத்தும்போது யாரும் ஊர் எது, பாஷை எது என்று கேட்பதில்லை. அந்த இரண்டு மணி நேரம் அவரும் இந்த நகரத்து ஆள்.

பக்கத்துக் கட்டிடம் ஆஸ்பத்திரி ஆனது

கதவு மூடிய பிறகு நடந்ததுதான் வேதனை. கச்சிபவுலி விளையாட்டு வளாகத்தில் வீரர்கள் தங்குவதற்காகக் கட்டிய அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்று இருந்தது. 2020 ஏப்ரலில் தெலுங்கானா அரசு அதை அவசர அவசரமாக 1,500 படுக்கைகள் கொண்ட கொரோனா மருத்துவமனையாக மாற்றியது. ‘டிம்ஸ்’ என்று அதற்குப் பெயர். வீரர்கள் வந்து இறங்க வேண்டிய வாசலில் ஆம்புலன்சுகள் வந்து நின்றன.

மார்ச் 22-ல் நின்றுபோன மெட்ரோ ரெயில் செப்டம்பர் 7-ந் தேதிதான் மியாப்பூர், குகட்பள்ளி வழியில் மறுபடி ஓடியது. அதற்குள் நம்மவர்களில் பலர் ஊருக்குப் போய்த் திரும்பியும் விட்டார்கள். சிலர் திரும்பவே இல்லை.

ஆட்டங்கள் மட்டும் நடந்தன. 2020 நவம்பர் 20-ந் தேதி முதல் ஐ.எஸ்.எல். பருவம் முழுவதும் கோவாவிலேயே, மட்காவ், வாஸ்கோ, பாம்போலிம் ஆகிய மூன்று மைதானங்களில், பார்வையாளர் இன்றி நடத்தப்பட்டது. வீரர்களை ஓட்டல்களில் வைத்து, வெளியாள் படாமல் காத்தார்கள். ஐதராபாத் அணி ஐந்தாம் இடத்துக்கு முன்னேறியது. ரசிகர்கள் அதை டெலிவிஷனில் பார்த்தார்கள். சொந்த அணி நன்றாக ஆடத் தொடங்கிய வேளையில் சொந்த ஊரில் அதைக் காண முடியவில்லை!

இத்தாலி சொன்ன பாடம்

மைதானத்தைப் பூட்டியது வீண் பயமா? இல்லை என்பதற்கு இத்தாலி நாடு சாட்சி.

2020 பிப்ரவரி 19-ந் தேதி மிலான் நகரில் அட்லான்டா, வலென்சியா அணிகள் மோதின. அட்லான்டாவின் ஊர் பெர்காமோ. சிறிய நகரம். அதன் அணி ஐரோப்பாவின் பெரிய போட்டியில் இவ்வளவு தூரம் வந்தது அதுவே முதல் தடவை. சுமார் 40,000 பேர் பஸ்சிலும் ரெயிலிலும் காரிலும் மிலானுக்குக் கிளம்பினார்கள். 4-1 என்று வெற்றி. கட்டிப் பிடித்துக் கூத்தாடித் திரும்பினார்கள். அடுத்த சில வாரங்களில் இத்தாலியிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்றாக பெர்காமோ ஆயிற்று. சவப்பெட்டிகளை ராணுவ லாரிகளில் ஏற்றிச் சென்ற படத்தை உலகமே பார்த்தது. அந்த ஒரு ஆட்டம் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நோய் பரவ அதுவும் ஒரு வாய்க்கால் என்று மருத்துவர்கள் கருதினார்கள்.

திறந்த வெளியில் நோய் பரவுவது குறைவு என்று பின்னர் தெளிவாயிற்று. ஆனால் மைதானம் என்றால் நாற்காலி மட்டுமா? வாசலில் நெரிசல் உண்டு. கழிப்பறை வரிசை உண்டு. இடைவேளையில் டீ, சமோசாவுக்கு முண்டியடிப்பு உண்டு. போகும்போதும் வரும்போதும் நெருக்கியடித்த பஸ் உண்டு. வாய் திறந்து கத்துவதில் எச்சில் துளி அதிகம் பறக்கும். கத்தாமல் கால்பந்து பார்க்கச் சொன்னால் யாரால் முடியும்?

கூட்டம்தான் ஆட்டத்துக்கு உயிர். அந்தக் கூட்டமே உயிருக்கு ஆபத்து. இதுதான் சிக்கல்.

போகலாம், வேண்டாம்

2020 டிசம்பரில் இங்கிலாந்தில் சில ஊர்களில் 2,000 பேர் வரை மைதானத்துக்குள் விட்டார்கள். நோய் மறுபடி ஏறவே, அந்த மாதம் முடிவதற்குள் கதவுகள் மீண்டும் மூடப்பட்டன.

இந்தியாவில் அந்தச் சோதனை சென்னையில்தான் நடந்தது. 2021 பிப்ரவரி 13-ந் தேதி சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் இரண்டாவது டெஸ்ட் கிரிக்கெட். பாதி இடங்களுக்கு மட்டும் டிக்கெட். ஏறக்குறைய ஓர் ஆண்டுக்குப் பிறகு மைதானத்தில் ஜனங்களின் குரல் கேட்டது. சென்னைப் பிள்ளை அஸ்வின் முதல் இன்னிங்சில் ஐந்து விக்கெட் எடுத்து, இரண்டாவது இன்னிங்சில் சதமும் அடித்தார். இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் வென்றது.

அதைப் பார்த்ததும் இங்கே பேச்சு சூடு பிடித்தது. அப்போதைய டீக்கடைப் பேச்சு பெரும்பாலும் இந்த மாதிரிதான் ஓடும்:

“சேப்பாக்கத்திலே விட்டாச்சு அண்ணே. அடுத்த சீசன் கச்சிபவுலிதான். நான் முதல் ஆளாப் போயிடுவேன்.”

“போயிட்டு வா தம்பி. திரும்பி எங்கே வருவே? நாலு பேர் படுக்கிற ரூமுக்குத்தானே?”

“ஊசி வந்துடுச்சே அண்ணே.”

“வந்திருக்கு. உனக்கும் எனக்கும் இன்னும் வரலையே.”

பெரியவர் சொன்னதில் பொருள் இருந்தது. 2021 ஜனவரி 16-ந் தேதி தடுப்பூசி தொடங்கியது உண்மை. ஆனால் முதலில் மருத்துவ ஊழியர்களுக்கும் முன்களப் பணியாளர்களுக்கும், பிறகு வயதானவர்களுக்கும். 45 வயது தாண்டிய அனைவருக்கும் என்றானது ஏப்ரல் 1-ந் தேதி. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மே 1-ந் தேதி. மைதானத்துக்குப் போகத் துடித்த இளவட்டங்கள்தான் வரிசையில் கடைசி.

அதற்குள் இரண்டாவது அலை அடித்தது. மார்ச்சில் ஆமதாபாத்தில் நடந்த இருபது ஓவர் கிரிக்கெட் ஆட்டங்களில் முதல் இரண்டுக்கு ரசிகர்களை விட்டவர்கள், மூன்றாவதிலிருந்து கதவை மூடினார்கள். மே 4-ந் தேதி ஐ.பி.எல். போட்டியே பாதியில் நின்றது. தெலுங்கானாவில் மே 12 முதல் ஜூன் 19 வரை மீண்டும் ஊரடங்கு. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் ஜனங்கள் அலைந்தார்கள். பிப்ரவரியில் ‘இனிமேல் பயமில்லை’ என்று பேசியவர்கள் மே மாதத்தில் வாயடைத்துப் போனார்கள்.

டிக்கெட் விலை எவ்வளவு?

ரசிகர்களில் தைரியசாலிகள் ஒரு பக்கம், பயந்தாங்கொள்ளிகள் ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசுவது எளிது. உண்மை அதுவல்ல. ஒரே ஆட்டத்துக்கு எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை என்பதுதான் உண்மை.

வீட்டில் தனி அறையும், மாதச் சம்பளமும், லீவும் உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம், இரண்டு வாரம் படுத்து எழுந்திருப்பார். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வந்தால்? நாலு பேர் சேர்ந்து வாடகை கொடுக்கும் அறையில் ஒருவருக்கு வந்தால் நாலு பேருக்கும் வேலை போச்சு. வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். மெஸ்காரர் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவார். ஊரில் மாதம் பிறந்தால் மணியார்டரைப்போல எதிர்பார்க்கும் பணம் போய்ச் சேராது. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர ஒரு உறவுக்காரர் கிடையாது.

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு ஓரளவு பிடிமானம் உண்டு. அப்போது மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் அதில் சேரலாம். சந்தா முறையாகக் கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித் தொகையாகக் கிடைக்கும். குகட்பள்ளிக்குப் பக்கத்தில் சனத்நகரிலேயே பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. ஆனால் சிறு பட்டறைகளில் கார்டு இல்லாமல் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு ஒரு நாள் லீவு என்பது ஒரு நாள் பட்டினி.

குடும்பத்தோடு இருப்பவர்கள் கணக்கு வேறு. ஊரில் இருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா, சர்க்கரை நோய் உள்ள மாமனார், கைக்குழந்தை. ஆட்டம் பார்க்கப் போவது ஒருவர். அதன் விலையைக் கொடுப்பது வீட்டில் இருக்கும் இன்னொருவர்.

ஆகவே டிக்கெட்டில் அச்சடித்த விலை ஒன்று. அச்சடிக்காத விலை இன்னொன்று. இந்த இரண்டாவது விலையை எண்ணிப் பார்த்தவர்களைத்தான் சிலர் பயந்தவர்கள் என்று கேலி செய்தார்கள்.

கோவாவுக்குப் போனவர்கள், போகாதவர்கள்

2021-22 பருவமும் கோவாவில், கதவு மூடியே நடந்தது. ஒமிக்ரான் வந்த 2022 ஜனவரியில் வீரர்களுக்கே தொற்று ஏற்பட்டுப் பல ஆட்டங்கள் தள்ளிப் போயின. ஆனால் ஐதராபாத் அணி அசைந்து கொடுக்கவில்லை. ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் வளர்த்த இளைஞர்களும், நைஜீரிய வீரர் ஒக்பெச்சேவும் வெளுத்து வாங்கினார்கள். ஒக்பெச்சே மட்டும் 18 கோல். லீக் பட்டியலில் இரண்டாம் இடம். அரை இறுதியில் ஏ.டி.கே. மோகன் பகான் அணியை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 3-2 என்று வீழ்த்தி இறுதி ஆட்டத்துக்கு வந்தது.

அறிவிப்பு ஒன்றும் வந்தது. மார்ச் 20-ந் தேதி மட்காவ் மைதானத்தில் இறுதி ஆட்டத்துக்கு ரசிகர்களை விடுவார்கள்!

குகட்பள்ளி ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. இரண்டு ஆண்டு காத்திருந்த கதவு திறக்கிறது. ஆனால் திறக்கும் இடம் அறுநூறு கிலோ மீட்டருக்கு அப்பால். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை இரவு. திங்கட்கிழமை வேலைக்கு வர முடியாது. இரவு முழுக்க பஸ் பயணம். இத்தனை செலவும் ஆபத்தும் தாண்டிப் போகிறவர்கள் ஒரு சிலர்தான் இருக்க முடியும்.

கேரள ரசிகர்களோ கடல்போல் திரண்டார்கள். அவர்கள் அணிக்கும் மஞ்சள்தான் நிறம். ஆனால் பட்டியலில் மேலே இருந்ததால் மஞ்சள் சட்டை ஐதராபாத்துக்குப் போயிற்று; கேரள வீரர்கள் கறுப்புச் சட்டையில் ஆடினார்கள். ரசிகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. மைதானத்தையே மஞ்சளாக்கினார்கள். அந்த ஆர்வத்தில் ஒரு சோகமும் கலந்தது. மலப்புறத்தில் இருந்து மோட்டார் சைக்கிளில் கோவாவுக்குக் கிளம்பிய இரண்டு இளைஞர்கள் காசர்கோடு அருகே விபத்தில் இறந்துபோனார்கள். ஆபத்து நோய் வடிவில் மட்டும் வருவதில்லை.

ஆட்டம்? கேரளா 68-வது நிமிடத்தில் கோல் போட்டது. 88-வது நிமிடத்தில் சாஹில் தவோரா அடித்த பந்து வலைக்குள் பாய்ந்து 1-1. பெனால்டியில் கோல்கீப்பர் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுத்தார். 3-1 என்று ஐதராபாத் கோப்பையை வென்றது. சாம்பியன் ஆன அணிக்குச் சொந்த ஊரில் ஒரு ரசிகர்கூட அந்தப் பருவத்தில் நேரில் கை தட்டவில்லை. டெலிவிஷன் முன்னால் எழுந்த சத்தத்தோடு சரி.

தீபாவளிக்கு முன்தினம்போல

கச்சிபவுலிக் கதவு திறந்தது 2022 அக்டோபர் 22-ந் தேதி. எதிரணி பெங்களூர். 1-0 என்று ஐதராபாத் வெற்றி. கோல் அடித்தவர் ஒக்பெச்சேதான்.

அன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை தீபாவளி. நம்மவர்களுக்கு மறுபடி ஒரு தர்மசங்கடம். ஊருக்கு ரெயில் ஏறுவதா, மைதானத்துக்குப் போவதா? ஆனால் இந்தத் தர்மசங்கடத்தில் பயம் இல்லை. இரண்டு ஊசியும் போட்டாயிற்று. ஊருக்குப் போனவர்களுக்கும் சந்தோஷம். மைதானத்துக்குப் போனவர்களுக்கும் சந்தோஷம். ‘போகலாமா, வேண்டாமா’ என்ற கேள்வி உயிர்க் கேள்வியாக இல்லாமல் வெறும் வசதிக் கேள்வியாக மாறியதே பெரிய விடுதலை அல்லவா?

அதே ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தில் மஞ்சேரியில் நடந்த சந்தோஷ் கோப்பைப் போட்டிக்கும் ஜனங்கள் மைதானம் கொள்ளாமல் வந்தார்கள். ரசிகர்கள் ஆட்டத்தை மறந்துவிடுவார்கள் என்று பயந்தவர்களின் கணக்கு தப்பாயிற்று. ஒரு கோல் சத்தம் காதில் விழுந்தால் போதும், கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

அணி போனது, ஆள் இருக்கிறார்

கதை இங்கே இனிதாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஐதராபாத் எப்.சி. பணமுடையில் சிக்கியது. வெளிநாட்டு வீரர்கள் விலகினார்கள். 2023-24 பருவத்தில் அணி கடைசி இடத்துக்கு இறங்கியது. கை மாறியது. 2025-ல் பெயரும் மாறி டெல்லிக்கே போய்விட்டது. இரண்டரை ஆண்டு காத்திருந்த ரசிகர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைதானத்தைப் பூட்டும்போதும் கேட்கவில்லை. அணியை எடுத்துப் போகும்போதும் கேட்கவில்லை.

தொற்றுக் காலத்தில் பூட்டியதற்காவது ஒரு நியாயம் இருந்தது. உயிரைக் காப்பாற்றப் பூட்டினார்கள். அதை ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள் என்றாலும் ஏற்றுக்கொண்டார்கள்.

‘அன்றைக்குப் போகாமல் விட்டோமே, இப்போது அணியே இல்லையே’ என்று வருந்துகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் 2021 பிப்ரவரியில் அடக்கி வைத்த ஆசை, மே மாதத்தில் எத்தனை வீட்டில் விளக்கு அணையாமல் காத்திருக்கும் என்று யாரால் கணக்கிட முடியும்?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். அணி டெல்லிக்குப் போனாலும், குகட்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை காலை செருப்பைக் கழற்றிக் கோல் கம்பமாக வைத்துக்கொண்டு பந்து உதைக்க ஆள் இருக்கிறார். நாளைக்கு இன்னொரு அணி இந்த ஊருக்கு வந்தால், கச்சிபவுலி கேலரியில் போய்க் கை தட்டவும் அவர் இருப்பார்.